காப்புக் கட்டிய ஊரில் அமலோற்பவம் மேடம்

கஜா புயலுக்குப் பிறகு நட்ட முந்திரி, எங்கள் கந்தர்வக்கோட்டைப் பக்கம் கிளை கொள்ளாமல் காய்த்தது இந்த வருஷம்தான். அந்தக் காய்ப்பின் நடுவில், பங்குனி மாதத்தில், செய்தி வந்தது. ஒரு காதுகுத்து வீட்டில் சாம்பார் அண்டாவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். மகள் போனை என் காதில் வைத்துப் பிடித்தாள். "அமலோற்பவம் மேடம் காலையில தவறிட்டாங்க" என்று ஒரு குரல் சொன்னது. பருப்பு பொங்கி மேலே வருகிற நேரம். கரண்டியைக் கீழே வைக்க முடியாது. பந்தி முடிகிறவரை கிண்டிக்கொண்டே நின்றேன். உப்பு சரியாக இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சாப்பிட்டவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. பிறகு பஸ் ஏறி, கீரனூரில் மாறி, ஆவூர்ப் பக்கம் அவர் பிறந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது பெட்டியை மூடப் போனார்கள். ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லி முகம் பார்த்தேன்.

இந்த நினைவு மலரைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அவரிடம் பாடம் கேட்டவர்கள். மீதிப் பேர் அவரோடு வேலை பார்த்தவர்கள். நான் அவருக்குச் சோறு ஆக்கிப் போட்டவன். எழுத்து அறியாதவன், நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். மேடம் மண்ணைப் படித்ததைப் பற்றியெல்லாம் நீங்கள் எழுதுவீர்கள். அவர் ஒரு வேலையும் செய்யாமல் இருந்த ஒரு நாளைப் பற்றி நான் சொல்லிவிடுகிறேன். அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான்.

கஜா அடித்ததற்கு மறு கோடை அது. ஊர் ஊராகக் கண்மாய் தூர்வார ஜேசிபி இறங்கிய கோடையும் அதுதான். மேடம் கல்லூரியில் இருந்து ஓய்வு பெற்று நாளாகிவிட்டது. ஆனால் கண்மாய்களை அவர் விடவில்லை. கூட்டிப் போக மாணவர்கள் யாரும் இல்லாததால் பழைய ஆட்களைத் தேடிப் பிடித்தார். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்த அருளப்பன் அண்ணன், கல்லூரி வேனை ஓட்டிய ராஜேந்திரன், விடுதியில் சமைத்த நான். எல்லோரும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். எங்களுக்கு 'பென்ஷன் கோஷ்டி' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். என்னை எல்லோரும் கூப்பிடுவது மாஸ்டர் என்று.

வேலை இதுதான். வறண்டு கிடக்கிற கண்மாயின் அடியில் ஆள் உயரத்துக்கு மேலான ஓர் இரும்புக் குழாயை அடித்து இறக்க வேண்டும். பிறகு முக்காலி நட்டு, சங்கிலி போட்டு, உள்ளே அடைந்த மண் அலுங்காமல் குழாயை மேலே தூக்க வேண்டும். முதல் நாளே நான் கேட்டுவிட்டேன், "இந்த மண்ணை எடுத்துட்டுப் போயி செங்கல் அறுக்கப் போறீங்களா மேடம்?" என்று. அவர் சிரித்துக்கொண்டே ஒரு குழாயைப் பிளந்து காட்டினார். உள்ளே மண் பட்டை பட்டையாக இருந்தது. வெளிறியது ஒன்று, கறுத்தது ஒன்று, மணல் கலந்தது ஒன்று. வெளிறிய பட்டையைத் தொட்டு, "இது மழை பொய்ச்ச காலம்" என்றார். "கண்மாய் குடிச்சதை எல்லாம் அடியில வரிசையா அடுக்கி வெச்சிருக்கு மாஸ்டர். நமக்குத்தான் குனிஞ்சு பாக்கப் பொறுமை இல்ல." பழைய மழையின் போக்கு தெரிந்தால் வரப்போகிற மழைக்குக் கண்மாயை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லிவிடலாம் என்பது அவர் கணக்கு.

பொன்னமராவதிப் பக்கம் ஒரு பெரிய கண்மாய். அதன் கிழக்கு மூலையில் மண் மிக ஆழமாகவும் கலையாமலும் படிந்திருக்கிறது என்று அவர் எப்போதோ பார்த்து வைத்திருந்தார். அந்தக் கண்மாயிலும் வருகிற திங்கட்கிழமை ஜேசிபி இறங்குகிறது என்று தகவல் வந்தது. இயந்திரம் ஒரு தடவை வழித்துவிட்டால் அந்தப் பட்டைகள் லாரியில் ஏறிப் போய்விடும். திரும்ப எடுக்க வழியே கிடையாது. அதற்காக அவர் தூர்வாருவதைக் குறை சொன்னவர் இல்லை. "வாரட்டும், தண்ணி நிக்கணும்ல? அதுக்கு முன்னால எனக்கு ஒரே ஒரு குழாய் வேணும்" என்பார். அந்த ஒரு குழாய்க்காகத்தான் அந்தப் பயணமே.

முதலில் கந்தர்வக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய்களை முடித்தோம். கடைசி நாள், ஜேசிபி இறங்குவதற்கு ஒரு வாரம் முந்தின திங்கட்கிழமை, ஒரு குழாய் போச்சு. எல்லோருக்கும் உடம்பு ஓய்ந்திருந்தது. சீக்கிரம் முடிக்கலாம் என்று சங்கிலியை வேகமாக இழுத்தார்கள். குழாய் வளைந்து, உள்ளே இருந்த மண் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. மேடம் யாரையும் திட்டவில்லை. உதிர்ந்த மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தார், கீழே போட்டார், "நாளைக்கு லீவு" என்றார்.

அருளப்பன் அண்ணனுக்குத் தாங்கவில்லை. "மேடம், அடுத்த திங்கக்கெழமை மிசினு எறங்குது. இப்பப் போயி லீவுங்கறீங்களே!"

"அதுக்காகத்தான் லீவு. அசந்த கையோட அந்தக் கண்மாய்க்குப் போக மாட்டேன் அருளப்பன்."

ராஜேந்திரன் மகள் திருச்சியில் பிள்ளை பெற்றிருந்தாள். அவர் போய்ப் பேரனைப் பார்த்து வர வசதியாக, வழியை விட்டு விலகி, கீரனூருக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் தங்க ஏற்பாடு செய்தார் மேடம். கோடை விடுமுறையில் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடம். ஊர்க் காரியங்களைப் பார்க்கிற அம்பலகாரர் தானே வந்து வகுப்பறையைத் திறந்துவிட்டு, தொட்டியில் தண்ணீரும் நிரப்பிக் கொடுத்தார்.

மேடத்தின் ஓய்வு நாளுக்குச் சட்டம் உண்டு. குழாயைத் தொடக் கூடாது. வேலைப் பேச்சு பேசக் கூடாது. எல்லோருடைய போனையும் அணைத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவிடுவார். எனக்குத் தனிச் சட்டம்: அடுப்புப் பக்கம் தலை வைக்கக் கூடாது. அன்றைக்குச் சமையல் அவருடையது.

செவ்வாய்க்கிழமை காலை ராஜேந்திரன் தலைக்குக் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, "சாயந்தரம் வந்துர்றேன் மேடம்" என்று பஸ்ஸுக்குப் போனார். நாங்கள் துணி துவைத்துப் பள்ளிக்கூட வேலியில் காயப்போட்டோம். மேடம் வாகை மர நிழலில் கல் கூட்டிச் சோறும் ரசமும் வைத்தார். நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். ஆயுசில் எனக்காக ஒருவர் அடுப்பு ஊதி நான் சும்மா உட்கார்ந்திருந்தது அவரோடு போன பயணங்களில்தான்.

அருளப்பன் அண்ணன் ஒரு வாய் ரசம் குடித்துவிட்டு, "மேடம், இது ரசமா, குழாய் கழுவுன தண்ணியா?" என்றார்.

"குழாய் கழுவுன தண்ணியில இவ்வளவு புளி இருக்காது. மாஸ்டர், நீங்க சொல்லுங்க."

"புளி மட்டும் நல்லா இருக்கு மேடம்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் மரத்தடியில் படுத்திருந்த ஆடு எழுந்து போய்விட்டது. சாப்பிட்டதும் பாயை விரித்து, முகத்தில் பழைய பேப்பரை மூடிக்கொண்டு படுத்தார். காற்று வீசினால் பேப்பர் எழும்பும். அவர் தூக்கத்திலேயே அதை இழுத்து வைப்பார். எங்களுக்கு முன்னால் அப்படி ஒரு கவலையும் இல்லாமல் அவர் தூங்கியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வெயில் சாய்கிற நேரத்தில் அம்பலகாரர் வந்தார். கையில் வேப்பிலைக் கொத்து. "எந்திரிச்சிட்டீங்களாம்மா? ஒண்ணு சொல்லணும். இன்னைக்கு மாரியாத்தாளுக்குக் காப்புக் கட்டுறோம். கட்டுற நேரத்துல ஊருக்குள்ள இருக்கிறவங்க, திருவிழா முடியிற வரைக்கும் வெளியூர்ல ராத்தங்கக் கூடாது. அது எங்க ஊர் வழக்கம். பகல்ல எங்கிட்டு வேணும்னாலும் போகலாம்; ராத்திரி தலை சாய்க்க இங்க வந்துரணும். நேத்தே சொல்லியிருக்கணும், நீங்க காலையில கெளம்பிருவீங்கன்னு நெனச்சுட்டேன். இருட்டுறதுக்குள்ள கெளம்புறதுன்னா கெளம்பிருங்க. ஒண்ணும் தப்பில்ல."

மேடம் வேனைப் பார்த்தார். வேன் சாவி ராஜேந்திரனின் சட்டைப் பையில் திருச்சிக்குப் போயிருந்தது. குழாயும் சங்கிலியும் வேனுக்குள்; விட்டுவிட்டு நடக்க முடியாது. "போன் போட்டுச் சீக்கிரம் வரச் சொல்லுவோம்" என்று அருளப்பன் அண்ணன் ஓடிப் போய் டின்னைத் திறந்தார். மேலாக ராஜேந்திரனின் போன்தான் கிடந்தது.

"நல்ல சட்டம் போட்டீங்க மேடம்" என்றார் அண்ணன். மேடம் அந்தப் போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எங்களுக்கு நிலைமை புரிந்தது. பொன்னமராவதிக் கண்மாய்க் கரையிலேயே கூடாரம் போட்டு, கருக்கலில் இருந்து இருட்டும்வரை வேலை பார்ப்பது என்று திட்டம். தினமும் இங்கே திரும்பி வருவதானால் பாதிப் பகல் ரோட்டில் போய்விடும். திங்கட்கிழமைக்குள் குழாய் கையில் வருமா என்பது சந்தேகம்.

பொழுது இறங்கியது. கொட்டுச் சத்தம் கேட்டது. காப்புக் கட்டிவிட்டார்கள். கடைசியில் கிழக்கே ஒரு பெரிய குலவைச் சத்தம் எழுந்து அடங்கியது. அது அடங்கிய பிறகு வந்து இறங்கினார் ராஜேந்திரன், கையில் ஒரு ஸ்வீட் பெட்டியோடு. விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்ப நான் மட்டும்தான் வெளியாளு! மூணு பேரையும் இங்கயே விட்டுட்டு நான் போயிக் குழாயை எறக்கவா?"

அருளப்பன் அண்ணன் சிரிக்கவில்லை. மேடத்திடம் தணிந்த குரலில் சொன்னார்: "நாம வேதக்காரங்க மேடம், ஏசுவைக் கும்பிடுறவங்க. நமக்கு என்ன இது? விடியக்காலம் கெளம்பிருவோம். கீரனூரைத் தாண்டிட்டா யாரு வந்து கேக்கப் போறா?"

"படுக்க எடம் குடுத்தது யாரு அருளப்பன்?"

"இந்த ஊருதான்."

"அப்ப அவங்க சொல்ற எடத்துலதான் படுக்கணும்." அவர் எழுந்து போய் அம்பலகாரரிடம், "ராத்திரிக்கு இங்க வந்துருவோங்கய்யா" என்று சொல்லிவிட்டு வந்தார். அவ்வளவுதான்.

புதன்கிழமையில் இருந்து அலைச்சல் தொடங்கியது. கருக்கலில் நான் சோறு வடித்து, தயிர் ஊற்றிப் பிசைந்து, நார்த்தங்காய் வைத்துத் தூக்கில் அடைத்துவிடுவேன். வேன் புதுக்கோட்டையைத் தாண்டிப் பொன்னமராவதிப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். குழாய் இறக்குவார்கள், கிழக்கு மூலையில் அடியில் சரளை. ஒரு முழம் இறங்கினால் நிற்கும். நிற்கிற நேரத்தில் மேடம் கை வைத்து, காது வைத்து, "பொறுங்க" என்பார். இருட்டும் முன்பே கிளம்ப வேண்டும். வெள்ளிக்கிழமை ஆகியும் குழாய் பாதிதான் போயிருந்தது. அருளப்பன் அண்ணன் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வருவார். மேடம் வேனில் ஏறிய உடனே தூங்கிவிடுவார்.

சனிக்கிழமை மத்தியானம் குழாய் அடியைத் தொட்டது. முக்காலியை நட்டுச் சங்கிலியைக் கோத்தோம். அந்த நேரத்தில் கரை மேல் ஒரு பெரிய லாரி வந்து நின்றது. அதன் முதுகில் மஞ்சள் ஜேசிபி. திங்கட்கிழமை என்று சொன்னவர்கள் இரண்டு நாள் முந்தி வந்துவிட்டார்கள்.

ஒப்பந்தக்காரர் இறங்கி வந்தார். நடுவயசு, உரத்த குரல். "யாரும்மா நீங்க? கண்மாய்க்குள்ள கம்பத்த நட்டு வெச்சிருக்கீங்க?"

மேடம் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால், "விடிஞ்சதும் இந்த மூலையில இருந்துதான் வாரப் போறேன். லாரி எறங்க இங்கதான் தோது. அதுக்குள்ள உருவிக்கங்க" என்று சொல்லிவிட்டார்.

சங்கிலியை இழுத்தோம். குழாய் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தால் வரும். கந்தர்வக்கோட்டையில் வந்தது போல வளைந்தும் வரும். மேடம் குழாயின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். வெயில் மஞ்சளாகிவிட்டது. ராஜேந்திரன் வேனைத் திருப்பி நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

"ஒரு ராத்திரி மேடம்" என்றார் அருளப்பன் அண்ணன். "ஒரே ஒரு ராத்திரி இங்க கெடந்தோம்னா, மெதுமெதுவா இழுத்து எடுத்துரலாம். இதுக்காகத்தான வந்தோம்? அந்த ஆத்தா கோவிச்சுக்க மாட்டா."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் மாரியாத்தாளைக் கும்பிடுகிறவன், எனக்கே தோன்றியது. மேடம், உள்ளே மண் காயாமல் இருக்க, ஒரு சாக்கை நனைத்துக் குழாயின் வாயைச் சுற்றிக் கட்டினார். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். "ஏறுங்க" என்றார்.

ஒப்பந்தக்காரர் ஓடி வந்தார். "என்னம்மா கெளம்பிட்டீங்க? நான் சொன்னது காதுல விழலையா? காலையில மிசினு ஏறுனா இது மிஞ்சாது."

"விழுந்துச்சு தம்பி. கீரனூர்ப் பக்கம் ஒரு ஊர்ல காப்புக் கட்டியிருக்காங்க. கட்டும்போது நாங்க ஊருக்குள்ள இருந்தோம். ராத்திரிக்கு அங்க போயிரணும்."

அவர் மேடத்தின் கழுத்தில் கிடந்த சிலுவையைப் பார்த்தார். "நீங்க வேதக்காரங்கதான?"

"ஆமா."

"அப்புறம் ஒங்களுக்கு என்ன?"

"சாமி அவங்க சாமிதான் தம்பி. வாரேன்னு வாக்குக் குடுத்தது நான்."

நாங்கள் கிளம்பினோம். மேடம் அன்றைக்கு வேனில் தூங்கவில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது, "போனா போகட்டும், வேற கண்மாய் இல்லாமயா போச்சு" என்றார். எங்களுக்காகச் சொன்னார் என்பது எங்களுக்குத் தெரியும். வேறு கண்மாயில் அந்த மண் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கரையை நெருங்கும்போதே இயந்திரச் சத்தம் கேட்டது. அருளப்பன் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். வேன் கரையேறியது. ஜேசிபி எங்கேயோ மேற்கே, மடைப் பக்கம், புழுதிக்குள் நின்று வாரிக்கொண்டிருந்தது. கிழக்கு மூலையில் குழாய் நின்றபடி நின்றது. அதைச் சுற்றி வேப்பங்கொம்புகளை வட்டமாக நட்டு, நடுவில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டியிருந்தார்கள். மேடம் கட்டிய சாக்கு இன்னும் ஈரமாக இருந்தது. யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

ஒப்பந்தக்காரர் எங்களைப் பார்த்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு பேசினார். "எங்க ஊர்லயும் காப்புக் கட்டுவாங்கம்மா. ஒரு வருசம் அதை விட்டுட்டு வெளியூர் வேலைக்குப் போயிப் படுத்துட்டேன். என்னைப் பெத்த ஆத்தா அடுத்த திருவிழா வரைக்கும் எங்கிட்ட பேசல. நீங்க என்னடான்னா யாரோ ஒரு ஊருக்காக இதை விட்டுட்டுப் போறீங்க. காப்புக்குள்ள இருக்கிற ஆளு நட்டுவெச்ச பொருளைப் பிடுங்க எனக்குக் கை வரல. இந்த மூலை கெடக்கட்டும். கடைசியா வாரிக்கிறேன்."

மேடம் அவரைக் கும்பிட்டார். அவர் பதறிப்போய், "நீங்க வேலையைப் பாருங்கம்மா" என்று மடைப் பக்கம் நடந்துவிட்டார்.

அன்றைக்கு யாரும் அவசரப்படவில்லை. சங்கிலியை ஒரு கண்ணி இழுப்பது, நிறுத்துவது, மறுபடி ஒரு கண்ணி. உச்சி வெயிலில் குழாய் முழுசாக வெளியே வந்தது, ஒரு கீறல் இல்லாமல். மேடம் கண்மாய்த் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சேலை முழுக்க மண். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாமல் பார்த்தோம், சிரித்தார். "மாஸ்டர், எல்லாருக்கும் சோறு போடுங்க. மிசினு ஓட்டுறவருக்கும்." தயிர்ச்சோறு பற்றவில்லை. மேடம் தன் பங்கை ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்துவிட்டு நார்த்தங்காயை மட்டும் சப்பிக்கொண்டிருந்தார்.

குழாய் வந்துவிட்டதே என்று நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. திருவிழா முடிகிறவரை அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படுத்தோம். கோயிலில் பொங்கல் வைத்த அன்றைக்கு ஊர்ப் பெண்கள் மேடத்துக்கும் ஒரு பானை கொடுத்து வரிசையில் உட்கார வைத்தார்கள். எல்லாப் பானையும் பொங்கி முடிந்த பிறகுதான் அவர் பானை பொங்கியது. அதற்குத்தான் அன்றைக்குப் பெரிய குலவை. அம்பலகாரர் அவர் கையில் தேங்காய் மூடி கொடுத்து, "வருசம் தவறாம வரணும்மா" என்றார். உடம்புக்கு முடிகிறவரை மேடமும் போய்க்கொண்டுதான் இருந்தார்.

அவரிடம் இருந்து என்னிடம் தங்கியது ஒன்று உண்டு. எனக்கு எழுத்து வராது. ஆனால் எங்கே கிணறு வெட்டினாலும், வீட்டுக்குக் கடைக்கால் தோண்டினாலும், விளிம்பில் போய் நின்று குனிந்து பார்க்கிறேன். பட்டைகள் தெரிகின்றன. வெளிறியது மழை பொய்த்தது, கறுத்தது நிறைந்தது. வெளிறிய பட்டை எதுவும் அதோடு நின்றுபோகவில்லை. அதற்கு மேல் எங்கேயோ ஒரு கறுத்த பட்டை இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வருகிற அன்றைக்கு மனசு நன்றாக இருக்கிறது.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வந்தபோது ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். மேடத்திடம் படித்து, இப்போது திருச்சியில் பாடம் நடத்துகிறாளாம். அந்தக் குழாய் மண் பாதிச் சோதனையிலேயே தீர்ந்துவிட்டது என்றும், மீதியை முடிக்க அதே மூலையில் இன்னொரு குழாய் எடுக்க வேண்டும் என்றும், மேடம் அதைத் தன்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்றும் சொன்னாள். "அந்த மூலை இன்னும் இருக்குங்களாய்யா? வாரிட்டாங்களா?"

"இருக்கும்மா. அந்த வருசம் ஒப்பந்தக்காரரு கடைசியா வாரலாம்னு விட்டாரு, அதுக்குள்ள மழை எறங்கிருச்சு. அதுக்கப்புறம் யாரும் தொடல. போன தையில ஒரு கல்யாணச் சமையலுக்கு அங்கிட்டுப் போனப்பப் பாத்தேன். தண்ணி வத்தினா போயி எடுக்கலாம்."

அவள் முகம் விரிந்தது. "அப்ப இந்தக் கோடையிலயே போயிருவோம். குழாய் எறக்கின எடத்தைச் சரியா காட்டணுமே. அன்னைக்குக் கூட இருந்தவங்க யாருங்கய்யா இருக்காங்க?"

ராஜேந்திரன் கொரோனாவில் போய்விட்டார். அருளப்பன் அண்ணன் அதற்கு அடுத்த வருஷம், தூக்கத்திலேயே. அந்த ஒப்பந்தக்காரர், மாரடைப்பில், போன ஐப்பசியில். இப்போது மேடம்.

"ஒரு ஆளு இருக்கான்மா" என்றேன்.

அவள் எழுதிக்கொள்ளப் போனை எடுத்தாள். "பேரு சொல்லுங்கய்யா."

"சின்னையா. கந்தர்வக்கோட்டைச் சமையல் மாஸ்டர் சின்னையா."